மடிப்பு அறுக்காத புத்தகங்களும் நானும்

புத்தகக் கடையில் வேலை பார்க்கிறவன் நிறையப் படித்திருப்பான் என்று நினைப்பவர்கள், சவரக் கடைக்காரனுக்கு வழுக்கையே விழாது என்றும் நினைப்பார்கள் போலிருக்கிறது. நான் பினாங்கு சூலியா தெருவில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் இருக்கிறேன். கடையில் உள்ள புத்தகங்களில் பாதி படித்திருக்கிறேன். பாதிப் புத்தகங்களை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும் பாதி. இரவல் வாங்கிய புத்தகத்தை முடிவு தெரியாமலே திருப்பிக் கொடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். மேலே படியுங்கள்.

எறும்பு

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பீஸ் கட்ட முடியவில்லை, வீட்டில் கஷ்டம் என்றெல்லாம் கதை ஒன்றும் கிடையாது. வருஷம் முழுக்க நடத்தும் பாடப் புத்தகத்தை நான் முதல் வாரத்திலேயே படித்துவிடுவேன். மிச்ச நாளெல்லாம் அதையே வாத்தியார் வாயால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. டிராம் டிப்போவில் வேலை பார்க்கும் என் அப்பா, "படிப்பு வேண்டாம்னா புக்கிட் தெங்காவுக்குப் போ" என்றார். கடலுக்கு அக்கரையில் இருக்கும் அந்த ஊரில் ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் விற்கிறார் என் மாமா. அந்தக் கடையில் எழுத்து என்று இருப்பது பிஸ்கட் டின்னின் மேல் மட்டும்தான். அப்பா அடுத்த வார்த்தை பேசுவதற்குள் இந்தப் புத்தகக் கடைக்கு வந்து நின்றேன்.

முதலாளி நாகூர்ப் பக்கத்துக்காரர். புத்தகத்தோடு மை, தொப்பி, அத்தர் எல்லாம் விற்கிறார். அவர் சரக்கு எடுக்கும் அச்சுக்கூடம் பெரிய தாளில் அச்சடித்து, மடித்து, தைத்து, ஓரத்தை வெட்டாமல் அப்படியே கப்பலேற்றிவிடும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். யாராவது வாங்கினால், அவர் எதிரிலேயே மூங்கில் கத்தியால் மடிப்பை அறுத்துக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. அறுக்காதது புதுசு, அறுத்தது பழசு. பழசுக்கு யாரும் முழு விலை தர மாட்டார்கள். நின்றபடியே புரட்டிப் படித்துவிட்டு நழுவுகிறவர்களுக்கும் இதில் வழியில்லை. எனக்குப் படிக்கப் பிடிக்கும் என்பதையும், வேலை கிடைக்காவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதையும் முதலாளியிடம் உள்ளபடி சொன்னேன். அவர் மூங்கில் கத்தியை என் கையில் கொடுத்தார். "தேன் கடைக்கு எறும்பு வேலைக்கு வந்திருக்கு. வித்ததைத்தான் அறுக்கணும் தம்பி. விக்காததை அறுத்தேன்னா அன்னைக்கே புக்கிட் தெங்கா."

பிறை பார்ப்பது

அறுக்காத புத்தகத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. மேலேயும் பக்கவாட்டிலும் மடிப்பு இருந்தாலும் கீழே திறந்திருக்கும். தாளை லேசாக அமுக்கினால் குழாய் மாதிரி விரியும். புத்தகத்தை வெளிச்சத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்து, கீழிருந்து உள்ளே பார்க்க வேண்டும். சில பக்கங்கள் தாமாகவே திறந்திருக்கும். சில பக்கங்கள் குழாய் வழியே தெரியும். சில பக்கங்கள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் தெரியாது. இந்த லட்சணத்தில்தான் என் படிப்பு நடந்தது. ஒரு நாவலில் கதாநாயகி கிணற்றில் விழுவாள். அடுத்து எனக்குத் தெரிகிற பக்கத்தில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருப்பாள். யார் தூக்கினார்கள், தலையைத் துவட்டினாளா இல்லையா, ஒன்றும் தெரியாது. கழுத்து வலிதான் மிச்சம்.

அத்தர் பக்கம் பார்ப்பவர் சுல்தான் நானா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புத்தக வாசனை வந்தாலே அத்தர் மூடியைத் திறந்து வைத்துக்கொள்வார். நான் புத்தகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணை மூடி நிற்பதை வெகு நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "பிறை பாக்குற மாதிரியே பாக்குறியேடா. தெரிஞ்சா சொல்லு, நாளைக்குப் பெருநாள் வச்சுக்குவோம்."

படகு போனது

ஒரு சனிக்கிழமை அக்கரைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் வந்தார். நாவல் ஒன்றை எடுத்தார், பணத்தைக் கொடுத்தார், "சீக்கிரம் அறு தம்பி, படகு போயிரும்" என்று முக்காலியில் உட்கார்ந்தார். நான் சீக்கிரமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அது அந்தக் கிணற்று நாவல். கத்தி உள்ளே போய் மடிப்பு பிரிந்ததும், இத்தனை நாள் தெரியாத பக்கம் முழுசாக என் எதிரில் விழுந்தது. கத்தி ஒரு கையில் நிற்க, கண் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளைத் தூக்கியது வருங்கால மாமனார் என்று தெரிந்தபோது துறைமுகத்தில் சங்கு ஊதியது.

கிராணி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கால் மணி நேரத்தில் வியர்த்து வழியத் திரும்பி வந்தார். "தவுக்கே, உங்க ஆளு அறுக்கிறானா, படிக்கிறானா? என் காசுல அவன் படிக்கிறதுக்கு நான் விசிறணுமா?" என்று முதலாளியிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். முதலாளி அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, அடுத்த படகு வரும்வரை பேசிக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினார். "அவருக்கு ஒரு படகு போச்சு. இன்னொரு புகார் வரட்டும், அதே படகுல உன்னை ஏத்திவிடுறேன்."

அழாத ஆள்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை செய்யும் மிஸ்ஸி ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். ரிக்‌ஷாவை நிறுத்திவைத்துவிட்டே கடைக்குள் வருவார், அவருக்கும் அந்தக் கிராணியைப் போல அவசரம். ஒரு கனமான புத்தகத்தைக் காட்டி, "இது எப்படி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பக்கங்களை வைத்துச் சொன்னேன்: கதாநாயகன் முதல் பக்கத்திலிருந்தே அழுகிறான், நடுவில் ஒரு மலையில் ஏறி அழுகிறான், இறங்கியும் அழுகிறான். முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். உள்ளதைத்தானே சொன்னேன்.

மிஸ்ஸி அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வார்டுலதான் நாள் பூரா அழுகை. உன்னைக் கேட்டா வியாபாரம் விளங்காது தம்பி. சரி, அழாத ஆளு யாராவது இருந்தா எடுத்துக் கொடு."

டிக்கெட்

செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளை ஒருவருக்குக் கடைசிப் பக்கம் பார்க்காமல் புத்தகம் வாங்கிப் பழக்கமில்லை. கதாநாயகி இருக்கிறாளா, போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று முதலில் தெரிய வேண்டும். எங்கள் கடையில் கடைசிப் பக்கமும் ஒட்டித்தான் இருக்கும். "அதை மட்டும் அறு" என்பார். அறுத்தால் நான் புக்கிட் தெங்கா. "வாங்கினாத்தாங்க அறுப்பேன்" என்பேன். இப்படியே ஒவ்வொரு வாரமும் வருவார், ஒவ்வொரு வாரமும் போவார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. முடிவு தெரியாமல் கிடந்து தவிக்கிற ஜாதியில் நானும் ஒருவன். ஆனால் அவர் சொன்ன காரணத்தை நீங்களும் கேளுங்கள். "சாவு வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போவோம், சரி. டிக்கெட் வாங்கிக்கிட்டுப் போவாங்களாய்யா?"

பச்சை அட்டை

ஒரு பார்சலில் பச்சை அட்டை போட்ட துப்பறியும் நாவல் ஒன்று, ஒரே பிரதி, வந்து சேர்ந்தது. ரங்கூன் கப்பலில் போகும் ஒரு பெண் நடுக்கடலில் காணாமல் போகிறாள். அவளுடைய டிரங்குப் பெட்டி மட்டும் பூட்டியபடி கரைக்கு வருகிறது. சாவி யாரிடமும் இல்லை. பெட்டி கனக்கிறது. தூக்கும் கூலி ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். போலீஸ் வருகிறது, பூட்டை உடைக்கிறது, மூடியைத் தூக்குகிறது. அங்கே மடிப்பு வந்துவிட்டது. அதற்கு அப்புறம் ஒட்டுப்பசை உள்ளே இறங்கியிருந்ததால் குழாயும் விரியவில்லை. கடைசிப் பக்கங்கள் மொத்தமும் போச்சு.

வேறு எந்தப் புத்தகமும் என்னை அப்படிப் படுத்தியதில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் பெட்டி, டிராமைப் பார்த்தால் பெட்டி. அதை யாருக்காவது விற்றாக வேண்டும், அவர் என் எதிரில் அறுக்கவிட வேண்டும், படகைப் பிடிக்கிறவராகவும் இருக்கக் கூடாது. அவசரமில்லாத முகமாகப் பார்த்துப் பார்த்து அந்த நாவலை எடுத்துக் காட்டினேன். சுல்தான் நானாவிடமும் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு அத்தர் பாட்டிலைத் துடைத்தபடியே சொன்னார்: "பெட்டியில என்ன இருந்தா உனக்கென்னடா? நீயா தலையில தூக்கப்போறே?"

உயரம் பார்த்து வாங்கியவர்

கடைசியில் அதை வாங்கியவர் ஆயர் ஈத்தாமில் புது வீடு கட்டியிருக்கும் ஒரு கண்ட்ராக்டர். கண்ணாடி அலமாரி ஒன்று செய்துவிட்டாராம், உள்ளே வைக்கப் புத்தகம் வேண்டுமாம். அளவுகோலோடு வந்திருந்தார். உயரம் சரியாக உள்ளதையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கச் சொன்னார். மருத்துவம், சமையல், பஞ்சாங்கம், நாவல் எல்லாம் அடுக்கில் ஏறின. பச்சை அட்டையும் ஏறியது. கதவுக்கு அடித்த பெயிண்ட்டும் பச்சையாம்.

எனக்குக் கை பரபரத்தது. கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "எல்லாத்தையும் அறுத்துடறேங்க, கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலைக்கும் உட்கார்ந்ததில்லை. கண்ட்ராக்டர் என் கையைப் பிடித்துவிட்டார். "ஒண்ணையும் அறுக்காதே. அறுத்தா உள்ளே தூசி போயிடும்."

ஆயர் ஈத்தாம் வீடு

அவர் லாரியிலேயே புத்தகப் பெட்டிகளோடு என்னையும் அனுப்பினார்கள், அலமாரியில் அடுக்கிக் கொடுத்துவிட்டு வர. கண்ட்ராக்டர் வேலைத் தளத்துக்குப் போய்விட்டார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். நான் அடுக்க அடுக்கப் பின்னாலேயே நின்று அட்டைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒரு புத்தகத்தை எடுத்துத் திறக்கப் பார்த்தார், வரவில்லை. "வெத்திலைக் கத்தியால அறுக்கலாமா?" என்றார். கிழிந்துவிடும் என்றேன். என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் கத்தியைப் பார்த்தார். "அதை வச்சுட்டுப் போயேன் தம்பி."

நான் யோசித்தேன். விற்ற புத்தகத்தை அறுக்கலாம் என்பது முதலாளி சொன்ன சட்டம். அறுக்கக் கூடாது என்று கண்ட்ராக்டர் சொன்னது என்னிடம்; அவர் மனைவியிடம் அல்ல. புகார் வந்தால் எங்கே போவேன் என்பதும் தெரியும். தெரிந்தேதான் கத்தியைக் கொடுத்தேன். "பச்சை அட்டையை முதல்ல படிங்க. பெட்டியில என்ன இருந்துச்சுன்னு யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க" என்றேன். அவர் கத்தியின் முனையைக் கட்டை விரலில் தடவிப் பார்த்தார். "கத்திக்குக் கூலியாக்கும்? சரி சரி, டிராம் வருது பாரு, கிளம்பு."

புகார்

அடுத்த வாரம் கண்ட்ராக்டர் கடைக்குள் நுழைந்த வேகத்தில் சுல்தான் நானா அத்தர் பாட்டில்களை உள்ளே நகர்த்தினார். "உங்க பையன் என் வீட்டுக்குள்ள கத்தியைக் குடுத்துட்டு வந்திருக்கான். அவ அலமாரி பூரா அறுத்துத் தள்ளிட்டா. சோறு ஆறிக் கிடக்கு. கேட்டா, இந்தப் பக்கம் முடியட்டும்கிறா. எந்தப் பக்கம் முடியுது? ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு வருது." முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே படகு வந்து நின்றது. "மன்னிப்புக் கேளுடா" என்றார்.

கேட்டிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது வேறு: "பச்சை அட்டையையும் அறுத்துட்டாங்களா? பெட்டியில என்னங்க இருந்துச்சு?" முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ட்ராக்டர் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. மனைவி வாய்விட்டுப் படித்தாராம், இவர் அடுத்த அறையில் கணக்குப் பார்ப்பதுபோல உட்கார்ந்து அத்தனையும் கேட்டாராம். கூலி ஆட்கள் முகம் சுளித்தது, பூட்டு உடைந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மூடியைத் தூக்கியதும் மனைவி சத்தத்தை நிறுத்திவிட்டாராம். மனசுக்குள்ளேயே படித்து மூடி வைத்துவிட்டு, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றாராம். இவருக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுதான் தமிழ். "எனக்கு மூணு நாளா வேலை ஓடலை. உனக்குத் தெரியும்னுதான்டா வந்தேன்" என்றார்.

எனக்கும் தெரியாது என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து முதலாளியே தீர்ப்புச் சொன்னார்: "நாளைக்கு இவன் வந்து உங்களுக்குப் படிச்சுக் காட்டுவான். டேய், ஐயா மனசு குளிர்ந்துச்சுன்னா கடைக்கு வா. இல்லேன்னா அங்கேருந்து அப்படியே படகுத்துறைக்குப் போயிடு."

பெட்டி

மறுநாள் ஆயர் ஈத்தாம் வீட்டுக் கூடத்தில் கண்ட்ராக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கீழே உட்கார்ந்தேன். மனைவி சமையலறையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். மூடியைத் தூக்கிய இடத்திலிருந்து ஆரம்பித்தேன். 'வாசகர்களே, பெட்டிக்குள் இருந்தது என்ன என்று கேட்கிறீர்கள். நம் ஒவ்வொருவருடைய மனப்பெட்டிக்குள்ளும் இருப்பது என்ன என்று நாம் கேட்டதுண்டா?' என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். பேராசை கூடாது என்று இருந்தது. இன்னொரு பக்கம். நகை மோகம் கூடாது, கணவனுக்குத் தெரியாமல் கப்பலேறக் கூடாது. சோற்றைவிடப் பெரிதாக நினைத்திருந்த பெட்டி மறுபடி வரவே இல்லை. நடுவில் ஒரு யோசனை தோன்றியது: நானாக ஒரு பிணத்தையோ வைர மாலையையோ உள்ளே வைத்துப் படித்துவிட்டால் அவருக்குத் தெரியவா போகிறது? வாய் வரவில்லை. உள்ளதை உள்ளபடி 'முற்றும்' வரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"அப்ப பெட்டி?" என்றார் கண்ட்ராக்டர். "பெட்டியைப் பத்தி அப்புறம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். எனக்கு மாமா கடைக் கருவாடு மூக்கில் அடித்தது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "இது தெரிஞ்சுதான் நிறுத்தினியா?" என்று கேட்டார். தாளிப்புச் சத்தத்தோடு பதில் வந்தது: "ஆமா. இதைப் படிச்சா உங்க மூஞ்சி இப்படித்தான் ஆகும்னு தெரியும்லா. நானே ஒரு நல்ல முடிவு யோசிச்சுச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கடைக்கு ஓடிட்டீங்க."

கண்ட்ராக்டருக்குச் சிரிப்பு வர நேரமாயிற்று. வந்தபோது நாற்காலி ஆடியது. எனக்கும் சோறு போடச் சொன்னார். அது அன்று ஆறவில்லை. நான் கிளம்பும்போது மூங்கில் கத்தியைத் தாமே எடுத்து வந்து என் பையில் செருகினார். "மாசம் ஒண்ணு கொண்டா. முடிவு இருக்கிறதாப் பாத்துக் கொண்டா. காசை உன் முதலாளிகிட்ட முன்னாடியே குடுத்துடறேன், முதல்ல நீ அறுத்து முழுசாப் படிச்சுப் பாரு, அப்புறம் எங்க வீட்டுக்குக் கொண்டு வா."

அன்று முதல் மாதம் ஒரு புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கக் கொடுத்துவைத்திருக்கிறேன், படிக்கப் படிக்க நம் எழுத்தாளர்களில் பலர் பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.